நாலு நாளில் கற்ற எழுத்து

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை நம்முடைய பழைய மாணவன் ஒருவன் தன் தாயாருடன் நம் வீட்டுக்கு வந்திருந்தான். வயது 23. பட்டப் பரீட்சையில் தேறியவன், கணக்கில் கெட்டிக்காரன். கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளை. அவனுடைய திருச்சபையார் செய்திருக்கும் ஏற்பாட்டின்படி, டான்ஸானியா தேசத்து உயர்நிலைப் பள்ளி ஒன்றில் ஓராண்டு காலம் சம்பளமின்றிக் கணக்குச் சொல்லிக் கொடுக்க இசைந்திருக்கிறான். வியாழக்கிழமை பிரயாணம்.

தாயாரின் முகத்தில் பெருமையும் கவலையும் மாறி மாறித் தோன்றின. "அந்த ஊரில் சாப்பாட்டுக்கு என்ன செய்வானோ, ஸார்!" என்று இரண்டு முறை சொல்லிவிட்டார். விமானத்தில் 23 கிலோ சாமானுக்குத்தான் அநுமதியாம். அதில் ஏழு கிலோவை ஊறுகாயும் பருப்புப் பொடியும் பிடித்துக்கொண்டிருந்தன. பையன் அந்தப் பேச்சைக் காதில் வாங்கவில்லை. "முதல் நாள் வகுப்பில் போய் நின்றதும் என்ன செய்யவேண்டும், ஸார்?" என்று கேட்டான்.

இருபது வருஷத்துக்கு மேலாக உபாத்தியாயத் தொழில் பார்த்து வருகிறோம். ஆயினும் இந்தக் கேள்விக்குச் சட்டென்று விடை சொல்ல நமக்கு வரவில்லை. ஆகவே, சாமர்த்தியமுள்ள உபாத்தியாயர்கள் எல்லாரும் செய்வதுபோல், விடைக்குப் பதிலாக ஒரு கதையை ஆரம்பித்தோம். அவன் வயதிலேயே கடல் கடந்து பாடம் சொல்லப் போன ஒரு கிறிஸ்தவ வாலிபரின் உண்மைக் கதை. பாதியில் ஏழரை மணி பஸ் வந்துவிட்டது. மீதிப் பாதியை அவன் இந்தப் பக்கத்தில் படித்துக்கொள்ளட்டும். முதல் பாதியைக் கேளாத நேயர்களுக்காக ஆதியிலிருந்தே தொடங்குகிறோம்.

கொரியா தேசம் நெடுங்காலம் வெளியுலகத்துக்குக் கதவைச் சாத்தி வைத்திருந்த தேசம். 1882-ஆம் ஆண்டில் அது அமெரிக்காவுடன் சிநேக ஒப்பந்தம் ஒன்று செய்துகொண்டது. அதன்பின் அந்நாட்டு மன்னர் கோஜோங், தம் தலைநகராகிய ஸியோலில் நவீனப் பள்ளிக்கூடம் ஒன்று திறக்க விரும்பி, மூன்று உபாத்தியாயர்களை அனுப்பும்படி அமெரிக்க அரசாங்கத்தாரைக் கேட்டுக்கொண்டார். அகப்பட்ட மூவரில் ஒருவர் ஹோமர் ஹல்பர்ட் என்பவர். 1863-இல் வெர்மாண்ட் மாகாணத்தில் பிறந்தவர். தகப்பனார் பாதிரியார், ஒரு கலாசாலையின் தலைவராகவும் இருந்தவர். மகனும் டார்ட்மத் கலாசாலையில் பட்டம் பெற்று, நியூயார்க்கில் வேத சாஸ்திரம் படித்துக்கொண்டிருந்தார். படிப்பை முடித்துத் தேவாலயம் ஒன்றில் அமர்ந்திருந்தால் வாழ்க்கை சௌகரியமாகவே கழிந்திருக்கும். ஆனால் அவர், பூகோளப் படத்தில் தேடிக் கண்டுபிடிக்கவேண்டிய ஒரு தேசத்துக்குப் போக ஒப்புக்கொண்டார். 1884 டிசம்பரில் ஸியோலில் மூண்ட கலகத்தினால் பிரயாணம் தள்ளிப்போயிற்று. அதற்கும் அவர் பின்வாங்கவில்லை. 1886 ஜூலையில் கொரியாவில் கால் வைத்தபோது அவருக்கு வயது 23.

அவருக்குச் சம்பளம் உண்டு. கொரிய மன்னர் கொடுத்தார். 'அப்படியானால் அது தொண்டாகுமா?' என்று நம் மாணவன் குறுக்கிட்டான். நல்ல கேள்வி. முதல் ஐந்து வருஷத்தை மட்டும் பார்த்தால் அது தொண்டு அல்ல, உத்தியோகந்தான். பின்னால் நடந்ததைக் கேட்டுவிட்டு அவனே தீர்மானித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டோம்.

1886 செப்டம்பரில் பள்ளிக்கூடம் திறந்தது. மாணவர் 35 பேர். எல்லாரும் பெரிய இடத்துப் பிள்ளைகள். சிலர் ஏற்கெனவே ராஜாங்க உத்தியோகஸ்தர்கள். பிரபு வம்சத்தார் புத்தகத்தைத் தம் கையால் தூக்குவதே கௌரவக் குறைவு என்று எண்ணிய காலம் அது. மன்னரின் கட்டளைக்கு அஞ்சிச் சில மாதம் ஊக்கமாகப் படித்தார்கள். நாளாக ஆக, ஒருவருக்குத் தலைவலி, மற்றொருவருக்கு வீட்டில் சடங்கு என்று வகுப்பு வெறிச்சோடத் தொடங்கிற்று. உபாத்தியாயர்களாகிய நமக்கு இதைப் படிக்கும்போது, தேசம் எதுவானாலும் பிள்ளைகள் பிள்ளைகளே என்ற ஆறுதல் உண்டாகிறது.

ஆனால் ஹல்பர்ட் அந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தது நம் கதைக்கு முக்கியம் அல்ல. அங்கே வந்து அவர் எதைக் கற்றுக்கொண்டார் என்பதே முக்கியம்.

கொரியர்களுக்குச் சொந்தமான எழுத்து ஒன்று உண்டு. இன்று அதை ஹங்குல் என்கிறார்கள். ஸேஜோங் என்ற அரசர் அதை 1443-இல் வகுத்து, 1446-இல் குடிகளுக்கு அறிவித்தார். அப்போது எழுத்துக்கள் 28, இன்று 24. நாக்கும் உதடும் தொண்டையும் ஒலியை எழுப்பும்போது கொள்ளும் வடிவத்தையே மெய்யெழுத்துக்களுக்கு அடிப்படை வடிவமாக வைத்த அற்புதமான அமைப்பு அது. சீன எழுத்துக்களை ஆயிரக்கணக்கில் நெட்டுருப் போடக் குடியானவனுக்கு ஏது நேரம், அவனும் எழுதப் படிக்கத் தெரிந்துகொள்ளட்டும் என்பதே அரசரின் எண்ணம். எண்ணம் நல்லதுதான், பண்டிதர்கள் விடவேண்டுமே! 'இத்தனை சுலபமாய் வருவது வித்தையா?' என்று கேட்டு, அதைக் கொச்சை எழுத்து என்றும், பெண்பிள்ளைகள் எழுத்து என்றும் ஒதுக்கி வைத்தார்கள். நானூற்று நாற்பது ஆண்டுகள் இப்படியே சென்றன. ராஜாங்கக் கடிதமும் பரீட்சையும் சாஸ்திரமும் சீன எழுத்திலே நடந்தன. சொந்த எழுத்து சமையலறையிலும், பெண்கள் படிக்கும் கதைப் புஸ்தகங்களிலும் உயிரோடிருந்தது.

இந்தச் சமையலறை எழுத்தை ஹல்பர்ட் நாலு நாளில் கற்றுக்கொண்டுவிட்டார். பின்னாளில் அவரே அப்படிக் குறித்து வைத்திருக்கிறார். ஒரு வாரம் கழிவதற்குள் மற்றொன்றும் தெரிந்துவிட்டதாம்: இத்தனை உயர்ந்த எழுத்தை அதன் சொந்தக்காரர்களே மதிப்பதில்லை என்பது. அந்நிய தேசத்துக்கு வந்து சேர்ந்த ஒரு வாலிபன், 'இவர்களுக்கு நம் பாஷையைக் கற்பித்துவிட்டால் போதும். முன்னேறிவிடுவார்கள்' என்று எண்ணுவது சகஜம். அதற்குத்தான் அவருக்குச் சம்பளமும். அவரோ அந்த வகுப்பறையில் ஆங்கிலத்தைக் கற்பித்துக்கொண்டே, கொரிய பாஷையைக் கற்கத் தலைப்பட்டார். சில வருஷங்களில் ஒரு புஸ்தகம் எழுதினார். அதன் பெயர் 'ஸாமின் பில்ஜி'; 'கற்றோரும் மற்றோரும் அறியவேண்டியவை' என்று பொருள் கொள்ளலாம். 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வெளிவந்த அந்தப் புஸ்தகம் உலக பூகோளம். எந்தெந்தத் தேசம் எங்கே இருக்கிறது, சீதோஷ்ணம் என்ன, விளைவது என்ன, ஆட்சி எப்படி, மதம் எது என்றெல்லாம் சொல்வது. முழுவதும் ஹங்குல் எழுத்திலேயே அச்சிட்ட முதல் பாடபுஸ்தகம் என்று அதைச் சொல்கிறார்கள். அதன் முகவுரையில் அவர், சீன எழுத்தைக் காட்டிலும் சொந்த எழுத்தே ஜனங்களுக்கு ஏற்றது என்றும், அதை இகழ்வது வருந்தத்தக்கது என்றும் எழுதியிருந்தார். கொரியருக்குக் கொரிய எழுத்தின் அருமையைக் கொரிய பாஷையிலேயே ஓர் அமெரிக்கர் எடுத்துச் சொன்னார் என்பதை நேயர்கள் கவனிக்கவேண்டும்.

அதன் பின் நடந்தது வேடிக்கை. புஸ்தகம் பயனுள்ளது என்று அரசாங்கத்தார் கண்டுகொண்டார்கள். உடனே என்ன செய்தார்கள்? 1895-இல் அதைச் சீன எழுத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார்கள்! பெரிய மனிதர்கள் கையில் எடுக்கத் தக்கதாய் இருக்கவேண்டும் அல்லவா?

இதைப் படித்து நாம் சிரித்தோம். சிரித்த சிறிது நேரத்துக்கெல்லாம் வேறொன்று நினைவுக்கு வந்து சிரிப்பு அடங்கிப் போயிற்று. பல வருஷங்களுக்கு முன் நாம் வேலை பார்த்த ஒரு பள்ளிக்கூடத்தில், தமிழில் பேசும் பிள்ளைக்கு ஒரு ரூபாய் அபராதம் என்று விதி இருந்தது. நம் வகுப்பில் வசூலிக்கும் பொறுப்பு நம்முடையது. ஒரு நாள் மத்தியான்னம் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி படியில் கால் இடறி விழுந்து, "அம்மா!" என்று கத்திவிட்டாள். பக்கத்தில் நின்ற சட்டாம்பிள்ளை, "ஸார், தமிழ்!" என்று முறையிட்டான். முழங்காலில் ரத்தம் கசிய நின்ற குழந்தை, நாம் கேட்பதற்கு முன்னாலேயே பையைத் திறந்து நாணயத்தை நீட்டினாள். நாமும் வாங்கிப் போட்டுக்கொண்டோம். விதி விதிதானே என்று அன்றைக்குத் தோன்றிற்று. கொரியப் பிரபுக்களைப் பரிகசிக்க நமக்கு அருகதை இல்லை.

போகட்டும். 1891-இல் ஒப்பந்தக் காலம் முடிந்து ஹல்பர்ட் ஊர் திரும்பினார். ஆனால் மனம் கொரியாவிலேயே இருந்தது போலும். 1893-இல் மெதடிஸ்ட் திருச்சபையின் ஊழியராக மறுபடியும் வந்துவிட்டார். இம்முறை பிரபுக்களின் பிள்ளைகள் அல்ல, அச்சுக்கூடம். மிஷனுக்குச் சொந்தமான அந்த அச்சுக்கூடத்தில் கொரிய எழுத்து, சீன எழுத்து, ஆங்கில எழுத்து மூன்றும் அச்சாயின. ஸோ ஜே பில் என்ற தேசபக்தர் 1896 ஏப்ரல் 7-ஆம் தேதி ஆரம்பித்த 'சுதந்திரன்' என்ற பொருள்படும் பத்திரிகைக்கு உதவி செய்தவர்களில் ஹல்பர்ட்டும் ஒருவர். கொரியப் பகுதியை முழுவதும் ஹங்குலில், சொல்லுக்குச் சொல் இடம் விட்டு அச்சிட்ட பத்திரிகை அது. அதற்கு முன் கொரிய எழுத்தைச் சேர்த்துச் சேர்த்தே எழுதி வந்தார்கள். சொற்களுக்கிடையே கொஞ்சம் வெற்றிடம் விடுவது சின்ன விஷயமாகத் தோன்றலாம். நம் பழைய ஏட்டுச் சுவடியைக் கையில் எடுத்துப் பதம் பிரிக்கத் திணறியவர்களுக்கு அந்த வெற்றிடத்தின் விலை தெரியும்.

அதே ஆண்டில் அவர், தெருவில் பையன்கள் பாடித் திரிந்த 'அரிராங்' என்னும் நாடோடிப் பாட்டைக் கேட்டு, முதன்முதலாக மேனாட்டு ஸ்வரக் குறிப்பில் எழுதி வெளியிட்டார். கொரியர் உணவில் சோற்றுக்கு என்ன இடமோ, இசையில் இந்தப் பாட்டுக்கு அந்த இடம் என்பது அவர் அபிப்பிராயம். இன்று கொரியர் உலகத்தில் எங்கே இருந்தாலும் கண்ணீரோடு பாடும் பாட்டு அதுவே.

தமிழர்களாகிய நாம் அறியவேண்டிய செய்தியும் ஒன்று உண்டு. 1905-இல் ஹல்பர்ட் ஸியோலில் ஓர் இலக்கண நூல் வெளியிட்டார். கொரிய பாஷையையும் இந்தியாவின் திராவிட பாஷைகளையும் ஒப்பிட்டு ஆராயும் நூல். தலைப்பைக் கேட்டதுமே நமக்குக் கால்டுவெல் ஐயரின் நினைவு வருகிறது. கொரியனும் தன்னை 'நா' என்கிறான். தகப்பனை 'அப்பா' என்று அழைக்கிறான். பாஷா சாஸ்திர நிபுணர்கள் பெரும்பாலோர் இன்று அந்த உறவை ஒப்புக்கொள்வதில்லை. தற்செயலான ஒற்றுமைகள் என்றே கருதுகிறார்கள். நாமும் வீண் பெருமை கொண்டாட வேண்டியதில்லை. ஆனால் வெர்மாண்டில் பிறந்து, ஸியோலில் உட்கார்ந்துகொண்டு, ஒருவர் விளக்கு வெளிச்சத்தில் தமிழ் வேற்றுமை உருபுகளைப் புரட்டிக்கொண்டிருந்தார் என்று நினைக்கையில், அவரிடம் ஒரு சுற்றத்தாரின் பாசம் உண்டாகத்தான் செய்கிறது.

இனிமேல் கதை வேறு பாதையில் திரும்புகிறது. 1895 அக்டோபரில் ஜப்பானியர் சிலர் அரண்மனைக்குள் புகுந்து கொரிய ராணியைக் கொன்றுவிட்டார்கள். மன்னருக்கு யாரை நம்புவது என்று தெரியவில்லை. அந்த நாட்களில் இரவு தோறும் அவர் அருகில் காவலிருந்த சில வெளிதேசத்தாரில் ஹல்பர்ட்டும் இருந்தார். பூகோளமும் இங்கிலீஷும் சொல்லிக் கொடுக்க வந்தவருக்கு இப்படியும் ஒரு வேலை!

அவர் தவறே செய்யாதவர் என்று எழுத நமக்கு விருப்பமில்லை. 1904-இல் ஜப்பானுக்கும் ருஷியாவுக்கும் யுத்தம் மூண்டபோது, ஜப்பானால் கொரியாவுக்கு நன்மை விளையும் என்று அவர் நம்பினார். அவ்வாறே எழுதியும் வந்தார். யுத்தத்தில் வென்ற ஜப்பான் கொரியரின் நிலங்களை எப்படிப் பறிக்கிறது என்பதைக் கண்ணால் கண்ட பிறகே மனம் மாறினார். மாறியபின் பாதியில் நிற்கவில்லை. 1905-இல் மன்னர் கோஜோங் ஒரு ரகசியக் கடிதத்தை அவரிடம் கொடுத்து, அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டிடம் சேர்க்கச் சொன்னார். 1882-ஆம் வருஷத்து ஒப்பந்தத்தில், பிறர் அநீதி இழைத்தால் சமரசத்துக்கு உதவுவதாக அமெரிக்கா வாக்களித்திருந்தது அல்லவா? அந்த வாக்கை நினைவூட்டும் கடிதம் அது. ஹல்பர்ட் வாஷிங்டன் போய்ச் சேர்ந்த சமயத்தில், நவம்பர் 17-ஆம் தேதி, ஸியோலில் ஜப்பானியப் பட்டாளம் அரண்மனையைச் சூழ்ந்து நிற்க, கொரியாவின் வெளிநாட்டு உறவுகளை ஜப்பானுக்கு ஒப்படைக்கும் உடன்படிக்கை கையெழுத்தாகிவிட்டது. ஜனாதிபதி அவரைப் பார்க்கவில்லை. மந்திரி காரியாலயத்தில் நாள் கடத்தினார்கள்; கடைசியில், காலம் கடந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். சொந்த தேசத்து அரசாங்கத்தின் வாசலில், மாணவர்களின் தேசத்துக்காக மனுக் கொடுத்துக் காத்திருந்த அந்த நாட்களில் அவர் மனம் என்ன பாடு பட்டிருக்கும்!

1907-இல் ஹேக் நகரில் கூடிய சமாதான மகாநாட்டுக்குக் கோஜோங் மூன்று தூதர்களை ரகசியமாக அனுப்பினார். அதற்கும் ஹல்பர்ட் ஐரோப்பாவில் சுற்றி உதவி செய்தார். தூதர்களை மகாநாட்டுக்குள் விடவே இல்லை. மூவரில் ஒருவர் அங்கேயே இறந்தார். கோஜோங் சிங்காதனத்தை இழந்தார். 1910-இல் கொரியா என்ற தேசமே பூகோளப் படத்திலிருந்து மறைந்துபோயிற்று.

ஹல்பர்ட் இனிக் கொரியாவில் வாழ முடியாது. மாஸச்சூஸெட்ஸ் மாகாணத்தில் குடியேறி, மேடை மேடையாகக் கொரியாவைப் பற்றிப் பேசி வந்தார். கேட்பவர் சில சமயம் நிறைய. பல சமயம் குறைவு. 1909-இல் மாஜி மன்னர் அவருக்கு மற்றொரு வேலை கொடுத்திருந்தார். ஷாங்ஹாய் நகரத்து ஜெர்மன் பாங்கி ஒன்றில் தாம் போட்டு வைத்திருந்த சொந்தப் பணத்தை எடுத்துவரும்படி அதிகாரப் பத்திரம் எழுதித் தந்திருந்தார். ஹல்பர்ட் போய்க் கேட்டார். ஜப்பானியர் முன்னாலேயே எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். எஜமானர் 1919-இல் இறந்தார். ஆனால் ஹல்பர்ட் அந்தக் கணக்கை முடித்துவிடவில்லை. 40 வருஷ காலம் ஆதாரங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, அந்தப் பணம் கொரிய ஜனங்களுக்குச் சேரவேண்டியது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு காசு திரும்பவில்லை.

1945-இல் கொரியா விடுதலை பெற்றது. பெற்ற சுருக்கிலே இரண்டாகவும் பிளந்தது. 1948-இல் தென் பகுதியில் குடியரசு ஏற்பட்டு, ஸிங்மன் ரீ ஜனாதிபதியானார். வாலிப வயதில் ஸியோல் மெதடிஸ்ட் பள்ளியில் படித்தவர் அவர். சுதந்திர தின விழாவுக்கு வரும்படி அவர் ஹல்பர்ட்டுக்கு அழைப்பு அனுப்பினார். வயது 86. இவ்வளவு தூரம் கப்பலில் போக உடம்பு இடம் கொடுக்குமா என்று எவருக்கும் சந்தேகம் வரும். அவர் புறப்பட்டுவிட்டார். 1949 ஜூலை 29-ஆம் தேதி கொரியாவில் இறங்கினார். நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆகஸ்டு 5-ஆம் தேதி உயிர் பிரிந்தது. விழாவுக்குப் பத்து நாள் பாக்கி இருந்தது.

ஸியோலில் ஹான் நதிக்கரையில் வெளிநாட்டாருக்கென்று ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. கைக்குழந்தையாய் இறந்த அவருடைய மகனை 1897-இல் புதைத்த இடமும் அதுவே. தகப்பனாரையும் அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். இங்கிலாந்தின் மாமனிதர்கள் துயிலும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தைவிடக் கொரிய மண்ணிலே அடக்கமாவதையே தாம் விரும்புவதாக அவர் சொன்ன சொல்லை அங்கே கல்லில் பொறித்திருக்கிறார்கள். ஜனாதிபதி தம் கையெழுத்தில் பெயர் எழுதித் தரட்டும் என்று கல்லில் ஓர் இடத்தை வெறுமையாக விட்டிருந்தார்களாம். மறு வருஷமே யுத்தம் வந்துவிட்டது. அந்த இடம் 50 வருஷம் வெறுமையாகவே கிடந்து, 1999-இல் ஜனாதிபதி கிம் டே ஜுங் எழுதித் தந்த கொரிய எழுத்துக்களால் நிரம்பிற்று. ஆம், ஹங்குல்தான்.

நம் மாணவன் செவ்வாய்க்கிழமை மறுபடியும் வந்தான், தாயார் இல்லாமல். கையில் பெரிய ஊறுகாய் ஜாடி ஒன்று. எடை கூடிவிட்டதால் இதை நம் வீட்டில் வைத்துவிட்டுப் போவதாகவும், அம்மாவுக்குத் தெரியவேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டான். அந்த இடத்தில் என்ன வைத்திருக்கிறாய் அப்பா என்று விசாரித்தோம். பெட்டியைத் திறந்து காட்டினான். ஸ்வாஹிலி பாஷைக்கு ஓர் அகராதி, கொஞ்சம் கனமானது. ஒன்றும் எழுதாத நோட்டுப் புஸ்தகம் இரண்டு. தண்ணீருக்கு 'மாஜி', உபாத்தியாயருக்கு 'முவாலிமு' என்று இரண்டு சொற்களை அதற்குள் படித்து வைத்திருந்தான். இரண்டாவது சொல்லை நமக்கும் சொல்லிக் கொடுத்தான். உச்சரிப்புச் சரியில்லை என்று இரண்டு முறை திருத்தினான்.